பார்த்துவிட்டோம் என்று அர்த்தம்

மேட்டில் நின்றிருந்த மஞ்சள் கோட்டுக்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். திரையில் அவர் ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுதான் இருந்தார். சுற்றிலும் காபி நிறத்தில் தண்ணீர், நடுவே ஒரு திட்டு மேடு, அதன் மேல் ஒற்றை மரம், மரத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள்.

"நம்ம படகு ஆளு," என்றார் ரேடியோ. "ரெண்டாம் படகு அங்கதான் நிக்குது. கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி என்னமா கையாட்டறான் பாரு."

"பாவம், காலையிலேருந்து நனையறாங்க. தலையாட்டிட்டுப் போ," என்றாள் டீச்சர்.

மாப்பிள்ளை ஸ்டிக்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தான். பஸ் பிடித்துப் போனால் ஒரு பகல் முழுக்க ஆகிற தூரத்தில், வெள்ளத்துக்கு மேலே நின்றிருந்த ட்ரோன் இடதுபுறம் ஒருமுறை சாய்ந்தது, வலதுபுறம் ஒருமுறை சாய்ந்தது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு வரைபடத்தின் அடுத்த கட்டத்துக்குப் போனது. டீச்சர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

அந்த அறை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஐந்தாவது மாடியில் இருந்தது. வெளிச்சம் திரையில் அடிக்கக்கூடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே வெயிலா மழையா என்று அறியக் கழிப்பறைக்குத்தான் போகவேண்டும். ஏசியைக் குறைக்கும் உரிமை யாருக்கு என்பதில் மாதக்கணக்காகச் சண்டை நடந்து, கடைசியில் எல்லோரும் ஸ்வெட்டர் வாங்கிவிட்டார்கள். வேலை மூன்று பேருக்குப் பிரிந்திருந்தது. ஓட்டுவது மாப்பிள்ளை, கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. காற்று, பேட்டரி, படகுகள் எங்கே நிற்கின்றன என்று வரைபடத்தில் காட்டும் புள்ளிகள், இதெல்லாம் ரேடியோவின் பொறுப்பு. வாயை மூடாததால் அவர் ரேடியோ. பார்ப்பது டீச்சர். வெறுமனே பார்ப்பது. வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவளிடம், இந்த வேலைக்கான தேர்வுக்கு வந்த இடத்தில் ஒரு காட்டுப் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். மற்றவர்கள் மரம், பாறை என்றார்கள். இவள், "அந்தப் புதர்ல ஒரு ஆடு ஒளிஞ்சிருக்கு, பசங்க கடைசி பெஞ்சுல ஒளிஞ்சுக்கற மாதிரி," என்றாள். வேலை கிடைத்துவிட்டது. "டீச்சருக்குக் கம்பெனியே மாசாமாசம் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் கொடுக்கணும், கண்ணுல ஊத்திக்க," என்பார் ரேடியோ. ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் புருஷனோ, "பார்த்துக்கிட்டே இருக்கறதுக்கு ஒரு சம்பளமா? நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், எனக்கு யாரு தர்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளத்துக்கு இவர்களைக் கூப்பிட்டபோது, அறைக்குப் பொறுப்பான மேடம்தான் அந்தத் தலையாட்டலை ஏற்பாடு செய்தாள். கூரையிலும் மரத்திலும் சிக்கியிருப்பவனுக்கு, மேலே பறக்கும் கருவி தன்னைப் பார்த்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பார்த்தோம் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டாமா? அங்கே படகில் ஒலிபெருக்கி வைத்து ஊர் ஊராகச் சொன்னார்கள். கருவி இடமும் வலமும் தலையாட்டினால் உங்களைப் பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். இருந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள். படகு வரும். நீந்தவோ நடக்கவோ முயலாதீர்கள். அப்படித்தான் ஒரு கிழத் தம்பதியை ஓட்டுக்கூரையிலிருந்து எடுத்தார்கள். பம்ப் ஷெட் மேல் இருந்த ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் எடுத்தார்கள். டீச்சர் பார்ப்பாள், "தலையாட்டு" என்பாள், இடத்தைக் குறித்துப் படகுக்குச் சொல்வாள். சொன்னபடி படகு போகும். பத்து வருஷம் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தபோது வராத நிறைவு அதில் வந்தது.

ஆனால் நல்ல வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதைச் சும்மா விடுவோமா? படகில் போகும் தொண்டர்களும் ட்ரோனைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்ட பையன்கள். கையாட்டுகிறவனுக்குப் பதில் செய்யாமல் போவது எப்படி? முதலில் மாப்பிள்ளை விளையாட்டாகத் தலையாட்டினான். மேடம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போனில் இருந்தாள். "அது சைகைடா, சலாம் இல்லை," என்று டீச்சரே ஒருமுறை கண்டித்தாள். பிறகு அவளுக்கே பாவமாகிவிட்டது. அவர்களும் மனுஷர்கள்தானே. தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால் நாமும் சிரிப்பதில்லையா?

காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு பேசுவதும் டீச்சரிடமே வந்து சேர்ந்தது. குரல் பதமாக இருக்கிறது என்றாள் மேடம். படம் மட்டும் காட்டக்கூடாது. குடும்பத்துக்கு நேரடிப் படம் காட்டினால் அலறுவார்கள், ஒவ்வொரு மரக்கட்டையையும் ஆள் என்பார்கள், வேலை நடக்காது. அது கண்டிப்பான விதி.

அன்று கடைசியாகப் பேசியவள் ஒரு தேனீ வளர்ப்பவரின் மனைவி. ஆற்றோரத்துத் தாழ்வில் அவருக்குப் பெட்டிகள் இருந்தன. தண்ணீர் ஏறுகிறது என்றதும் பெட்டிகளை மேட்டுக்கு மாற்றப் போனவர் திரும்பவில்லை.

"நீலச் சட்டை அக்கா. கோடு போட்டது. பார்த்தா உடனே தெரியும். கொஞ்சம் கூன் போட்ட மாதிரி நிப்பாரு."

"மேலேருந்து பார்க்கறப்ப கூனெல்லாம் தெரியாதும்மா. நீலம் தெரியும். நீலம் எங்க இருந்தாலும் நான் பிடிச்சுடுவேன்."

"எனக்கு ஜுரம்னா ஒரு மாத்திரை வாங்கிட்டு வர மறந்துடுவாரு. அந்தப் பூச்சிக்குக் குளிரும்னு சாக்கு தைச்சுப் போடுவாரு. வரட்டும், இருக்கு அவருக்கு."

"வருவாரும்மா. வந்ததும் நல்லாக் கேளுங்க."

டீச்சர் வீட்டுக்குப் போனதும் புருஷன், "இன்னைக்கு எத்தனை பேரு?" என்று கேட்டான். "இன்னைக்கு யாரும் இல்லை. ஒரே தண்ணி," என்றாள். பாத்திரம் கழுவினாள். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வந்தபோது திரையில் வேறு ஆறு ஓடியது. மேலே அணை தாங்காது என்று இரவோடு இரவாக மதகுகளைத் திறந்துவிட்டார்களாம். நேற்று கூரை தெரிந்த வீடுகளின் இடத்தில் இன்று சுழி மட்டும் தெரிந்தது. வரைபடத்தையும் படத்தையும் ஒப்பிட்டு எது எங்கே என்று புரிந்துகொள்வதற்கே நேரம் பிடித்தது. அதற்குள் போன் வந்தது. தேனீக்காரர் மனைவி.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். என் கொழுந்தனாரு நேத்து சாயங்காலம் பெட்டி வச்சிருந்த கொட்டாய் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்காரு. இப்ப மேற்குப் பக்கம் தேடக் கிளம்பறப்பத்தான் வாயைத் திறக்கறாரு. பெட்டி ஒண்ணுகூட இல்லையாம். ஆணியில மாட்டி வச்சிருந்த மழைக்கோட்டும் இல்லையாம்."

"ம்."

"அதை மேல போட்டுக்கிட்டிருந்தா நீலச் சட்டை உங்களுக்குத் தெரியாதில்லையா? நான் நீலம் நீலம்னு சொல்லி உங்களை ஏமாத்திட்டேனோன்னு இருக்கு."

"என்ன கலரும்மா, கோட்டு?"

"மஞ்சள். உங்க படகுப் பசங்க போட்டிருக்காங்களே, அச்சு அசல் அதேதான். ஒரே கடையில எடுத்திருப்பாங்க போல." அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள்.

டீச்சர், "பார்த்துட்டுக் கூப்பிடறேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோ பேச்சை நிறுத்தினார்.

"அண்ணா, நேத்து மேட்டுல மரத்துக்கிட்ட ஒருத்தரு கையாட்டினாரே. அவரு யாருன்னு ரெண்டாம் படகுகிட்டக் கேளுங்க."

ரேடியோ கேட்டார். ஸ்பீக்கரில் ஒரு இளவட்டக் குரல், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தியது. "மேடா? நாங்க எந்த மேட்டுக்கும் போகலை சார். அந்தப் பக்கம் போறப்பவே எங்க எஞ்சின் மக்கர் பண்ணி மத்தியானமே கட்டி இழுத்துட்டு வந்துட்டாங்க. இடம் காட்டற டிராக்கர் அங்கயே தண்ணியில நனைஞ்சு செத்துப்போச்சு. நேத்தே சொன்னோமே, யாருகிட்டயோ."

வரைபடத்தில் இரண்டாம் படகின் புள்ளி இன்னும் அந்த மேட்டின் பக்கத்திலேயே பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

"புள்ளி அங்கதானே இருந்துச்சு," என்றார் ரேடியோ. "புள்ளி அங்க இருந்தா ஆளு அங்க இருக்கான்னுதானே அர்த்தம்? டீச்சர், நீங்களே சொல்லுங்க."

டீச்சர் திரையின் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டாள். "நேத்து ரெக்கார்டிங்கை எடு," என்றாள் மாப்பிள்ளையிடம்.

எடுத்தான். மேடு வந்தது, மரம் வந்தது, மஞ்சள் வந்தது. நேற்று பெரிதாக்கிப் பார்க்கத் தோன்றாததை இன்று பெரிதாக்கினார்கள். பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும், உடம்பு தெரியும். தொண்டர் பையன்கள் ஒரு கையை ஆட்டுவார்கள், மற்றதில் துடுப்போ போனோ இருக்கும். இவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார். குதிக்கக்கூடச் செய்தார். மேட்டின் சேற்றில் அவர் காலடித் தடம், தண்ணீர் ஓரமாக, கிழக்கே போகிற தடமாக இருந்தது. கிழக்கே, படத்தின் விளிம்பில், கரை தெரிந்தது. நல்ல உயரமான கரை. அதன்மேல் மாடுகள் நின்றன, யாரோ அடுப்பு மூட்டிய புகை வந்தது. மேட்டுக்கும் கரைக்கும் நடுவில் புல்லின் நுனி வெளியே தெரிகிற ஆழம்தான் தண்ணீர். முழங்கால் இருக்கும். மனுஷன் நடந்து போய்க்கொண்டிருந்தவர். ட்ரோன் சத்தம் கேட்டுத் திரும்பி மேட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்.

திரையில் படம் இடமும் வலமும் சாய்ந்தது. நேற்று இவர்கள் சாய்த்தது.

அவர் கையை இறக்கினார். ஒரு நிமிஷம் அப்படியே அண்ணாந்து நின்றார். பிறகு தலைக்கு மேலே இரண்டு கையையும் கூப்பினார். ட்ரோன் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர் படத்தின் மூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். மூலையில், மறைவதற்கு முன்னால், மரத்தடியில் ஓர் இடத்தைக் காலால் சுத்தம் செய்துவிட்டு உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டி, படகு வரக்கூடிய பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் கை ஸ்டிக்கை விட்டுவிட்டு மடியில் கிடந்தது. "டீச்சர், நான்... நீங்க சொன்னதும்..."

"நான்தான் சொன்னேன். உன்னை யாரு என்ன சொன்னா? இப்ப ஏத்து. அங்க போ."

அங்கே களத்தில் ஒருவன் பேட்டரி மாற்றிக் கருவியை ஏவிவிட, மாப்பிள்ளை அதை நேராக ஓட்டினான். எதிர்க்காற்று என்றார் ரேடியோ. அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாத அறை எப்படி இருக்கும் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வரைபடத்தில் மேட்டின் இடம் வந்தது. படத்தில் மேடு இல்லை. மரத்தின் உச்சிக் கிளைகள் மட்டும் தண்ணீரில் ஒரு பக்கமாக இழுபட்டு ஆடிக்கொண்டிருந்தன. அவற்றில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் அடைந்திருந்தன. டீச்சர் அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேன் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கரைக்குப் போ. எழுந்து போயிருக்கலாம். தண்ணி ஏறினா யாரா இருந்தாலும் எழுந்து போவாங்க."

கரை நெடுக ஜனங்கள். தார்ப்பாய்கள், கட்டில்கள், நனைந்த மெத்தைகள், ஆடுகள். மாப்பிள்ளை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தான். திடீரென்று, "மஞ்சள்! டீச்சர், மஞ்சள்!" என்று கத்தினான். ரேடியோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்று பேரும் திரைமேல் கவிழ்ந்தார்கள். இறக்கினான், இன்னும் இறக்கினான். காற்றில் மஞ்சள் ஒரு பக்கம் தூக்கியது. அடியில் ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. யாரோ அதற்கு மழைத்தாள் போர்த்தியிருந்தார்கள்.

"பேட்டரி," என்றார் ரேடியோ மெதுவாக.

"இன்னும் ஒரு சுத்து."

"விழுந்துடும் டீச்சர். விழுந்தா நாளைக்கு வேற யாரையும் தேட முடியாது."

அதுவும் உண்மைதான். கருவி திரும்பியது.

மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நின்றபடியே ரெக்கார்டிங்கை முழுக்கப் பார்த்தாள். கெட்டவள் இல்லை அவள். பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மூடி மறைக்கச் சொல்லலை," என்றாள். "மேல நானே சொல்றேன், என் பேரைப் போட்டே சொல்றேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட இப்ப வேண்டாம். சொல்லி என்ன ஆகப் போகுது?"

"அவ கொழுந்தன் மேற்குப் பக்கம் தேடிக்கிட்டிருக்காரு மேடம். இடம் தெரியணுமில்லை?"

"இடத்தை மட்டும் சொல்லுங்க."

"இடத்தைச் சொன்னா, எப்படித் தெரியும்னு கேக்கமாட்டாளா?"

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தினாலும் அந்தக் கதவு கண்ணாடிதானே. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

டீச்சர் போனை எடுத்தாள். பிள்ளைகளின் அம்மாக்களிடம் மார்க் குறைந்ததைச் சொல்லியிருக்கிறாள். மாமனார் இறந்ததைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்பது இவளுக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரேடியோவும் மாப்பிள்ளையும் எழுந்து வெளியே போகவில்லை. இருந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

"அக்கா? ஏதாவது தெரிஞ்சுதா?"

"உங்க கொழுந்தனாரைக் கிழக்குப் பக்கம் போகச் சொல்லும்மா. கரைக்கு இந்தப்பக்கம் ஒரு மேடு இருந்துச்சு, ஒத்தை மரம் வச்சு."

"தெரியும். அங்கயா? அங்க இருக்காரா?"

"நேத்து இருந்தாரு."

அந்தப்பக்கம் தூரத்தில் யாரோ தட்டுகளை அடுக்கும் ஓசை மட்டும் வந்தது.

"நேத்துப் பார்த்தோம்மா. மஞ்சக் கோட்டைப் பார்த்து எங்க ஆளுன்னு நினைச்சுட்டோம். நான்தான் நினைச்சேன். அவரு கையாட்டினாரு. நான் தலையாட்டச் சொன்னேன். படகுக்குச் சொல்லலை."

அழுகை வரும் என்று டீச்சர் காத்திருந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தாள். இரண்டும் வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஏற்றுக்கொள்ளத் தயாராகக் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

"தலையாட்டினா அசையக்கூடாதுன்னு சொன்னாங்களே," என்றாள் அந்தப் பெண். தனக்குத்தானே சொல்வதுபோல் இருந்தது. "மைக்ல சொன்னாங்களே. அவரும் நானும் சேர்ந்துதானே கேட்டோம்."

"ஆமாம்மா."

"அவரு அசையமாட்டாரு அக்கா. உங்களுக்கு அவரைத் தெரியாது. ஒரு தடவை ஆஸ்பத்திரியில, உக்காருங்க கூப்பிடறோம்னு சொல்லிட்டு மறந்துட்டாங்க. எல்லாரும் போய், கூட்டிப் பெருக்கறவ வந்து காலைத் தூக்குன்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தாரு. போய்க் கேக்க வேண்டியதுதானேன்னு நான் கத்தினதுக்கு, சொல்லியிருக்காங்கல்ல, கூப்பிடுவாங்கன்னாரு." மூச்சு வாங்கினாள். "தண்ணி காலுக்கு வந்தாலும் இப்ப வந்துடுவாங்கன்னுதான் இருந்திருப்பாரு."

டீச்சர் ரிசீவரை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

"படம் இருக்கா?"

"இருக்கு. காட்டக்கூடாதும்மா. விதி."

"காட்ட வேண்டாம். சொல்லுங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

டீச்சர் கண்ணாடிக் கதவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் படத்தைப் பின்னால் ஓட்டி, முதலிலிருந்து விட்டான்.

"மரம் தெரியுது. மரத்துக்குப் பக்கத்துல நிக்கறாரு. கையாட்டறாரு."

"எந்தக் கை?"

"ரெண்டும்."

"ரெண்டுமா? தோள்பட்டை வலின்னு ஒரு மாசமா சட்டையே நான்தான் மாட்டிவிடறேன்." பிறகு, "அப்புறம்?"

"நல்லா உயரத் தூக்கி ஆட்டறாரு. குதிக்கறாரு."

"அப்புறம்?"

"நாங்க தலையாட்டறோம்."

"அப்புறம்?"

"கையை இறக்கிட்டாரு. மேல பார்க்கறாரு. கும்பிடறாரு."

"யாரை?"

டீச்சர் திரையைப் பார்த்தபடியே, "எங்களை," என்றாள்.

"அப்புறம்?"

"கீழ சுத்தம் பண்ணிட்டு உக்காரறாரு. முழங்காலைக் கட்டிக்கிட்டு."

"ஆமா, அப்படித்தான் உக்காருவாரு. இப்ப என்ன பண்றாரு?"

திரையில் படம் திரும்பிவிட்டிருந்தது. மேடு போய்விட்டது, மரம் போய்விட்டது. நேற்றைய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் ஒன்று நான்கு கால்களையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மெல்லச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் ஒரு காலின் மேல் ஏதோ ஒரு சிறிய பறவை, கட்டில் சுற்றச் சுற்றத் தானும் திரும்பித் திரும்பி, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இப்ப என்ன பண்றாரு?"